பெயர் தெரியுமுன் கத்தி

மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் போகிறவர்களில் சிலர், எதிர்பாராத ஒரு வரியோடு வீடு திரும்புகிறார்கள். 'வலது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 3 செ.மீ. கட்டி. சி.டி. எடுத்துப் பார்க்கவும்.' வலி கிடையாது, சிறுநீரில் ரத்தம் போகவில்லை, எடையும் குறையவில்லை. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கும்போது அல்ட்ராசவுண்டில் தற்செயலாக அகப்பட்டது. அடுத்த வாரமே சி.டி. படத்தோடு யூராலஜி டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். "எடுத்துடலாம் சார், தள்ளிப்போட வேண்டாம்" என்பார் டாக்டர். "பயாப்சி பார்க்காமலேயா டாக்டர்?" என்று கூட வந்த மகள் கேட்பாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். மார்பகத்திலோ குடலிலோ கட்டி என்றால், துளி சதையை எடுத்துச் சோதித்து, நோயின் பெயர் வந்த பிறகுதான் பெரிய அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பார்கள். சிறுநீரகமோ பல காலமாக இந்த வரிசைக்கு விலக்கு. கான்ட்ராஸ்ட் மருந்தை உறிஞ்சி சி.டி.யில் பளிச்சென்று தெரியும் திடக்கட்டி பெரும்பாலும் புற்றுநோய்தான் என்ற கணக்கில் அறுத்து எடுத்துவிடுவார்கள். பெயர் அதற்கப்புறம் லேபிலிருந்து வந்து சேரும்.

அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்புவதில்லை என்பதால்தான் இவ்வளவு நாள் நீடித்திருக்கிறது. ஆனால் 4 செ.மீ.க்கு உட்பட்ட சிறுநீரகக் கட்டிகளை அறுத்தெடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தீங்கற்றதாக இருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. வழக்கமான புற்று போலவே தோற்றம் காட்டிவிட்டு, சில மாதங்களுக்குள் உடம்பெங்கும் பரவும் அரிய கட்டிகளும் இதே படத்தில், இதே பளபளப்போடுதான் வருகின்றன. முதல் வகையில் நல்ல உறுப்பு வீணாகப் போகிறது. இரண்டாவதில் பொன்னான நேரம் போகிறது. அறுவை அரங்குக்கும் ரோபோவுக்கும் கொட்டுகிற பணத்தில் ஒரு பங்கையாவது, கட்டிக்குச் சரியான பெயர் வைக்கும் வேலைக்கு நாம் ஒதுக்கவில்லை என்பது என் கட்சி.

அட்ரினல் என்று நம்பிய காலம்

அரிய கட்டிகள் ஏமாற்றுவது இருக்கட்டும், மிகச் சாதாரணமான சிறுநீரகப் புற்றே 77 ஆண்டுகள் ஆள்மாறாட்டம் செய்திருக்கிறது. 1883இல் பால் கிராவிட்ஸ் என்ற ஜெர்மானிய நோய்க்குறியியலாளர், சிறுநீரகத்தில் மஞ்சள் நிறத்தில் கொழுப்பு மண்டிய கட்டிகளைப் பார்த்தார். பக்கத்திலேயே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் புறணியும் அதே மஞ்சள், அதே கொழுப்பு. கரு வளர்கிறபோது வழிதவறிச் சிறுநீரகத்துக்குள் தங்கிவிட்ட அட்ரினல் துணுக்குகளில் இருந்துதான் இது முளைக்கிறது என்று முடிவு கட்டினார். 'ஹைப்பர்நெஃப்ரோமா' என்ற பெயர் அந்த நம்பிக்கையின் மேல் எழுந்தது. 1960இல் ஒபெர்லிங் என்பவரின் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இவை சிறுநீரகத்தின் சொந்த நுண்குழாய்ச் செல்களே என்று காட்டியது. பழைய பெயர் இன்னும் சில மூத்த மருத்துவர்களின் வாயில் மிச்சமிருக்கிறது.

இன்று அதற்குக் கிளியர் செல் புற்று என்று பெயர். சிறுநீரகப் புற்றுகளில் 70 முதல் 75 சதவீதம் இதுதான். ஸ்லைடு தயாரிக்கும் ரசாயனங்களில் கொழுப்பும் கிளைக்கோஜனும் கரைந்து வெளியேறிவிடுவதால், செல்கள் உள்ளே ஒன்றும் இல்லாதவைபோலத் தெரியும். 10 முதல் 15 சதவீதம் பாப்பிலரி வகை, சுமார் 5 சதவீதம் குரோமோஃபோப். மீதமுள்ள சிறு பங்குக்குள் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வகைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பலவும் மேலே சொன்ன மூன்றில் ஏதாவது ஒன்றின் சாயலில் வரும். குழப்பம் பிறப்பது அங்கேதான்.

மேசையில் ஒரு சிறுநீரகம்

அறுத்தெடுத்த சிறுநீரகம் ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் பெத்தாலஜி லேபுக்கு வருகிறது. முதலில் அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளக்காமல் முழுசாக அப்படியே போட்டு வைத்தால், ஃபார்மலின் நடுப்பகுதிவரை ஊறாது. உள்ளே செல்கள் சிதைந்து, பிறகு எந்தச் சோதனைக்கும் உதவாமல் போகும். சனிக்கிழமை சாயந்திரம் எடுத்த உறுப்பு திங்கட்கிழமை காலை பிளக்கப்படுவது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கடம்.

பிளந்ததும் நிறமே பாதி சேதி சொல்லிவிடும். தங்க மஞ்சளும் நடுநடுவே ரத்தத் திட்டுகளும் இருந்தால் கிளியர் செல் வகையை நினைப்பார்கள். ஒரே சீராகக் கருப்பட்டி நிறத்தில், நடுவில் நட்சத்திரம் போல வெளிறிய தழும்போடு இருந்தால் ஆன்கோசைட்டோமா நினைவுக்கு வரும். வெளிர் பழுப்பு என்றால் குரோமோஃபோப். கட்டியின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குறைந்தது ஒரு துண்டாவது வெட்டி எடுக்க வேண்டும் என்பது விதி. துண்டுகளை மெழுகில் பதித்து, அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்துகிறார் டெக்னீஷியன். அதன் பிறகுதான் சாயம், நுண்ணோக்கி, பெத்தாலஜிஸ்ட் எல்லாம்.

ஆன்கோசைட்டோமாவும் குரோமோஃபோபும் இந்தத் துறையின் தீராத வழக்கு. ஆன்கோசைட்டோமா தீங்கற்றது, சிறுநீரகக் கட்டிகளில் 3 முதல் 7 சதவீதம்வரை. 1942இல் ஜிப்பெல் என்பவர் முதலில் விவரித்தார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1976இல் கிளைனும் வலென்சியும் 13 நோயாளிகளைச் சேர்த்துக் காட்டி, இது பரவாத கட்டி என்று சொன்ன பிறகுதான் கவனம் திரும்பியது. அதுவரை இப்படிப்பட்ட கட்டிகள் புற்றுநோய்க் கணக்கில்தான் எழுதப்பட்டு வந்தன. குரோமோஃபோப் இன்னும் பிந்தியது. 1985இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் தோயனஸ் குழுவினர் அதைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். அது புற்றுநோய்தான். சாதுவானது என்றாலும் சிலருக்குப் பரவும்.

நுண்ணோக்கியில் இரண்டும் ரோஜா நிறச் செல்களின் கூட்டம். ஆன்கோசைட்டோமாவின் ரோஜா நிறத்துக்குக் காரணம், செல் முழுக்க அடைத்துக்கிடக்கும் மைட்டோகாண்ட்ரியா. உட்கரு உருண்டையாக, ஒரே அளவாக இருக்கும். குரோமோஃபோபில் செல்லின் எல்லைக்கோடு தடித்துத் தெரியும்; உட்கரு காய்ந்த திராட்சை போலச் சுருங்கி, அதைச் சுற்றி வெளிறிய வளையம் இருக்கும். பாடப்புத்தகத்தில் இந்த வேறுபாடு அவ்வளவு தெளிவு. நிஜத்தில் குரோமோஃபோபின் இயோசினோஃபிலிக் என்ற கிளைவகை, ஆன்கோசைட்டோமாவின் உடன்பிறப்பு மாதிரி வந்து நிற்கும். அப்போது சிறப்புச் சாயங்கள் தேவை. ஹேல் என்ற இரும்புச் சாயம் குரோமோஃபோப் செல்களை நீலமாக்கும். சி.கே.7 என்ற புரதத்துக்கான சோதனையில் குரோமோஃபோப் பரவலாகப் பழுப்பேறும். ஆன்கோசைட்டோமாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் மட்டுமே ஏறும். சி.டி.117 என்ற இன்னொரு புரதச் சாயம் இரண்டிலும் ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இரண்டும் கலந்த கட்டிகளும் உண்டு என்பது இந்த வழக்கில் இன்னொரு சிக்கல். 1977இல் பர்ட், ஹாக், டுபே என்ற மூன்று கனடா மருத்துவர்கள் விவரித்த பரம்பரை நோயில் இந்தக் கலப்புக் கட்டிகள் வரும். நோயாளியின் முகத்தில், குறிப்பாக மூக்கிலும் கன்னத்திலும், வெளிறிய சின்னஞ்சிறு பருக்கள் இருக்கும். நுரையீரலில் நீர்க்குமிழ் போன்ற காற்றுப்பைகள் இருக்கலாம். அவை வெடித்து மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதை வீட்டில் யாருக்காவது இருக்கும். இப்படிப்பட்டவர் வந்தால் லேப் ரிப்போர்ட்டுக்கு முன்னால் அவர் முகத்தைப் பார்ப்பது பலன் தரும். சி.டி. படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டருக்கு அது தப்பிவிடும்.

ஊசியால் தெரியாதா?

வெட்டுவதற்கு முன்பே இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாதா என்றால், ஓரளவுக்கு முடியும். சிறுநீரகத்தில் ஊசி போட்டால் கட்டி பரவிவிடும் என்ற பயம் நம்மூரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. உண்மையில் ஊசித் தடத்தில் புற்று பரவுவது மிக அபூர்வம். பத்தில் ஒன்பது பயாப்சிகள் பயனுள்ள விடை தருகின்றன. பயத்தைவிட நியாயமான ஆட்சேபம் வேறு ஒன்று. ஊசியில் வருவது நூல் அளவு சதை. அதில் ஆன்கோசைட்டோமா மாதிரி தெரிந்தாலும், ஊசி படாத மூலையில் என்ன இருக்கிறது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அதனால் 'ஆன்கோசைட்டிக் கட்டி, ஆன்கோசைட்டோமாவாக இருக்க வாய்ப்பு அதிகம்' என்று பெத்தாலஜிஸ்ட் எழுதுவார். ரிப்போர்ட்டைப் படிக்கும் குடும்பத்துக்கு எரிச்சல் வரும்: "பணம் கட்டிப் பார்த்தும் உறுதியா சொல்லலையே!" அந்த நழுவல்தான் நேர்மை. அடித்துச் சொல்லும் ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

'கொஞ்ச நாள் பார்ப்போம், வளர்ந்தால் புற்று' என்ற யோசனையும் இங்கே எடுபடாது. ஆன்கோசைட்டோமாவும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் வளரும், குரோமோஃபோபும் அதே வேகத்தில்தான் வளரும். சி.டி.யில் நடுத்தழும்பு தெரிந்தாலும் அது இரண்டிலும் வரலாம். இதய நோயாளிகளுக்குப் பயன்படுத்தும் செஸ்டமிபி என்ற கதிரியக்க மருந்து மைட்டோகாண்ட்ரியாவில் போய்த் தங்கும். ஆன்கோசைட்டோமாவில் மைட்டோகாண்ட்ரியா மண்டிக்கிடப்பதால் ஸ்கேனில் அது ஒளிரும் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2016இல் 50 நோயாளிகளை வைத்துக் காட்டினார்கள். யோசனை அழகானது. சில புற்றுக் கட்டிகளும் ஒளிர்வதால், ஸ்கேனை மட்டும் நம்பி யாரும் கத்தியைக் கீழே வைத்துவிட முடியாது.

தீங்கற்ற மற்ற இரண்டு கட்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஞ்சியோமயோலைப்போமா என்பது கொழுப்பு, ரத்தக் குழாய், தசை மூன்றும் கலந்தது. சி.டி.யில் கொழுப்பு தெரிந்தால் கதை முடிந்தது. தெரியாத சிலருக்குத்தான் புற்று என்று தவறாகத் தீர்ப்பாகும். நம் மண்ணில் தலைகாட்டும் இன்னொன்று நாள்பட்ட தொற்று. கிளை பிரிந்த பெரிய கல் வருடக்கணக்கில் அடைத்து, சீழ் பிடித்து, சிறுநீரகமே மஞ்சள் கட்டியாக மாறிவிடும் சாந்தோகிரானுலோமா வகைத் தொற்று அது. நடுத்தர வயதுப் பெண்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் கூடுதல். நுண்ணோக்கியில்கூட, கொழுப்பை விழுங்கிய வெள்ளணுக்கள் கிளியர் செல் புற்றுச் செல்களைப் போலவே வெளிறித் தெரியும். சாயமிட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். சிறுநீரகக் காசநோயும் இதே வேலையைச் செய்யக்கூடியது.

அவசரம் காட்ட வேண்டிய மூன்று

இனி ஆபத்தான பக்கம். எஃப்.ஹெச். என்ற மரபணு பழுதாகி வரும் புற்று, வெளித்தோற்றத்தில் பாப்பிலரி வகை. பின்லாந்துக் குடும்பங்களில் 2001இல் அடையாளம் கண்டு, அடுத்த ஆண்டே மரபணுவைப் பிடித்தார்கள். இந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு இருபது, முப்பது வயதிலேயே கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டிகள் நிறைந்துவிடும். சிலருக்குத் தோலில் தொட்டால் வலிக்கும் சிறு முடிச்சுகள் இருக்கும். சிறுநீரகத்தில் வரும் கட்டி ஒரு நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே பரவக்கூடியது. வான் ஹிப்பெல்-லிண்டாவ் என்ற வேறொரு பரம்பரை நோயில் 3 செ.மீ. ஆகும்வரை பொறுத்திருக்கலாம் என்று விதியே உண்டு. அதே பொறுமையை இங்கே காட்டினால் ஆளையே இழக்க நேரும்.

நம் ஊரில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுப்பது இங்கே அவ்வளவு சகஜம் என்பதால், 'அம்மாவுக்கும் சித்திக்கும் முப்பது வயசுலேயே எடுத்தாச்சு' என்பது யாருக்கும் ஒரு தகவலாகவே படுவதில்லை. சிறுநீரகக் கட்டிக்கு வந்த மகன் அதை யூராலஜி டாக்டரிடம் சொல்ல மாட்டான், அவரும் கேட்க மாட்டார். ஸ்லைடில் ஒரு தடயம் இருக்கிறது: உட்கருவுக்குள் பெரிய செந்நிறப் பொட்டு, அதைச் சுற்றி வெள்ளை வளையம். அதைக் கண்ட பெத்தாலஜிஸ்ட், எஃப்.ஹெச். புரதச் சோதனை போட்டு அந்தப் புரதம் இல்லை என்று காட்டிவிட்டால், கதை நோயாளியோடு முடியாது. அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பழுது இருக்கிற பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

இரண்டாவது, இளம் வயதினரின் புற்று. டி.எஃப்.இ.3 என்ற மரபணு இடம் மாறி வேறொன்றோடு ஒட்டிக்கொள்வதால் வருவது. பாதி கிளியர் செல் போல, பாதி பாப்பிலரி போல இருக்கும். 18 வயதுப் பையனுக்குக் கிளியர் செல் புற்று என்று ரிப்போர்ட் வந்தால், முதலில் அந்த ரிப்போர்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. 1995இல் அமெரிக்க ராணுவ நோய்க்குறியியல் நிறுவனத்தின் டேவிஸ், மோஸ்டோஃபி, செஸ்டர்ஹென் மூவரும், கோப்புகளில் வேறு வேறு பெயர்களில் சிதறிக் கிடந்த 34 கட்டிகளை ஒன்று சேர்த்தார்கள். இளைஞர்கள், பெரும்பாலும் வலது சிறுநீரகம், ஏறக்குறைய எல்லோருக்கும் அரிவாள் செல் மரபுக்கூறு. அறுவை சிகிச்சைக்குப் பின் சராசரியாக 15 வாரங்கள்தான் வாழ்ந்திருந்தார்கள். ரீனல் மெடுல்லரி கார்சினோமா என்று பெயரிட்டார்கள். சிறுநீரகத்தின் உள்பகுதியில் பிராணவாயு குறைவு, உப்பு அதிகம். அங்கே போகும் சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. அந்த அழுத்தத்தில் ஸ்மார்க்-பி1 என்ற காவல் மரபணு போய்விடுகிறது. கட்டி நுண்ணோக்கியில் சிறுநீர்ப்பாதைப் புற்று போலவோ சேகரிப்புக் குழாய்ப் புற்று போலவோ தெரியும். அந்த மரபணுவின் புரதத்தைக் காட்டும் ஐ.என்.ஐ.1 சாயம் போட்டால் சுற்றியுள்ள நல்ல செல்களின் உட்கரு பழுப்பாக இருக்க, புற்றுச் செல்கள் மட்டும் நிறமேறாமல் நிற்கும். கிளியர் செல் வகைக்குக் கொடுக்கும் இலக்கு மருந்துகள் இதில் வேலை செய்யாது. பிளாட்டினம் சார்ந்த கீமோதெரபிதான் கை கொடுக்கும். பெயர் தப்பினால் மருந்தும் தப்பும்.

அரிவாள் செல் ஏதோ ஆப்பிரிக்காவின் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் அது முதன்முதலில் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 1952இல் லேமனும் கட்புஷும் எழுதினார்கள். அரிவாள் செல் நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாஹ்டோலில் தொடங்கியது. மரபுக்கூறு இருப்பவர்களிலும் இந்தப் புற்று அபூர்வத்திலும் அபூர்வம், பதிவானவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். ஆகவே நீலகிரியின் கூடலூரில் யாரும் கலங்கத் தேவையில்லை. ஆனால் மலையிலிருந்து ஒரு இளைஞன் சிறுநீரில் ரத்தத்தோடும் வலது பக்கக் கட்டியோடும் வந்தால், ஒரு துளி ரத்தத்தில் அரிவாள் செல் சோதனையைச் செய்துவிட மறக்கக் கூடாது.

மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்குங்கள்

பல ரிப்போர்ட்டுகளில் 'ரீனல் செல் கார்சினோமா' என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த வகை என்பது இருக்காது. காரணம் பெரும்பாலும் பணம். சாயம் ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டணம்; அறுவை சிகிச்சைக்கே நகையை அடகு வைத்து வந்த குடும்பத்திடம் 'இன்னும் ஐந்து ஐ.ஹெச்.சி. (புரதச் சாயம்) போட வேண்டும்' என்று சொல்ல சிறிய லேபுக்கு வாய் வராது. எல்லோருக்கும் எல்லாச் சாயமும் தேவையும் இல்லை. வயது 40க்குக் கீழ் இருந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறுநீரகக் கட்டி வந்திருந்தாலோ, ரிப்போர்ட்டில் வகை எழுதப்படாமல் இருந்தாலோ, இரண்டாம் கருத்து கேட்பது செலவுக்குத் தகும். அதற்கு நோயாளி அலைய வேண்டியதில்லை. ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கி அனுப்பினால் போதும். பலர் ஸ்லைடை மட்டும் வாங்கிக்கொண்டு பிளாக்கை விட்டுவிடுகிறார்கள். புதிய சாயம் போட வேண்டுமானால் பிளாக்தான் வேண்டும்.

வகைகளின் பட்டியலும் நிலையாக நிற்பதில்லை. கிளியர் செல் பாப்பிலரி என்ற ஒன்று, 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டில் 'புற்று' என்ற பட்டத்தை இழந்து வெறும் 'கட்டி' ஆகிவிட்டது. அது பரவுவதே இல்லை என்று கண்டதால். முந்தைய பெயரோடு வீட்டுக்குப் போனவர்கள், புற்றுநோயாளி என்ற முத்திரையோடு இன்சூரன்ஸ் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்திருப்பார்கள்.

2019இல் கனடாவின் கால்கரியைச் சேர்ந்த கிரில் டிர்ப்கோவும், செக் நாட்டின் பில்சனில் இருந்த ஒந்திரே ஹெஸ்ஸும் சக பெத்தாலஜிஸ்டுகளோடு சேர்ந்து பழைய அலமாரிகளைக் கிளறினார்கள். ஆன்கோசைட்டோமா என்றோ குரோமோஃபோப் என்றோ எழுதி வைத்த கட்டிகளுக்கு நடுவே, இரண்டிலும் சேராத 28 கட்டிகள் அகப்பட்டன. சி.கே.7 பரவலாக ஏறியது, சி.டி.117 ஏறவே இல்லை. 'தாழ்நிலை ஆன்கோசைட்டிக் கட்டி' என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். அதன் பிறகு தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட நோயாளிகளில் ஒருவருக்கும் அது பரவவில்லை.